குரலுக்கு முன்னுரிமைக் குறி இட்டும் பேச்சு உடைகிறது: கியூஓஎஸ் (போக்குவரத்துக்கு முன்னுரிமை பிரிக்கும்) அமைப்பில் எதைக் காணத் தவறினேன்?

பதிவு 1 | கிளைவலை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு கிளைகள் கொண்ட ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு கிளைக்கும் இரு திசையிலும் 20 எம்பிபிஎஸ் வேகம் தருவதாக ஒப்பந்தம் செய்யப்பட்ட இணைப்பு உள்ளது. இரண்டு கிளைகளையும் ஓர் ஐபிசெக் டனல் (குறியாக்கம் செய்த தனிவழி) பிணைக்கிறது. தொலைபேசிகள் எல்லாம் ஜி.711 கோடெக்கில் (குரலை எண்ணாக்கும் முறையில்) இயங்கும் ஐபி தொலைபேசிகள். அவை அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிஎஸ்சிபி (முன்னுரிமையைக் குறிக்கும் எண்) மதிப்பு குரலுக்குரிய 46 ஆக இருப்பதைக் கேப்சர் (பாக்கெட் பதிவு) எடுத்து உறுதி செய்துகொண்டேன். சுவிட்சுகள் அந்தக் குறியை அழிக்காமல் கடத்துகின்றன. ரவுட்டரில் குரலுக்கென்று ஒரு முன்னுரிமை வரிசையும், மற்றவற்றுக்கு எடைப்படி பங்கு பிரிக்கும் வரிசைகளும் அமைத்து, வெளியே செல்லும் போர்ட்டில் அவற்றைப் பொருத்தியிருக்கிறேன்.

இவ்வளவு செய்தும், ஒரு கிளையின் சர்வரிலிருந்து மறு கிளைக்கு பேக்கப் தொடங்கிய சில நொடிகளில் பேச்சு உடைந்து, சொற்களின் நடுப்பகுதி விழுந்துவிடுகிறது. என்னைக் குழப்புவது ரவுட்டரின் கவுண்டர்கள்தான். பேச்சு உடையும் அதே நேரத்தில் அவற்றைப் பார்த்தால், எந்த வரிசையிலும் ஒரு பாக்கெட்கூடக் கைவிடப்படவில்லை. எந்த வரிசையிலும் ஆழம் ஏறவே இல்லை. சேவை நிறுவனம் தந்த மோடமும் ரவுட்டரும் 1 ஜிகாபிட் ஈதர்நெட் கேபிளால் இணைந்துள்ளன. எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

பதிவு 2 | வரிசைக்கணக்கு

நண்பரே, தங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. முன்னுரிமை என்பது காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு இடையேதான் பொருள்படும். காத்திருப்பே இல்லாத இடத்தில் யாரை முதலில் விடுவது என்ற கேள்வி எழுவதில்லை. தங்கள் ரவுட்டரின் கண்ணுக்கு வெளியே இருப்பது 1 ஜிகாபிட் வேகம் கொண்ட விசாலமான பாதை. 1500 பைட் பாக்கெட் ஒன்றை அது 12 மைக்ரோநொடியில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறது. அதே பாக்கெட் 20 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏற 0.6 மில்லிநொடி ஆகும், அதாவது 50 மடங்கு. ஆகவே வரிசை உருவாவது தங்கள் ரவுட்டரில் இல்லை, மோடத்துக்குள். அங்கே முன்னுரிமை என்ற ஒன்றே கிடையாது. முதலில் வந்தது முதலில் போகும் ஒற்றை வரிசைதான் இருக்கும்.

அந்த மோடத்தில் 1 மெகாபைட் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடம்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேக்கப்பின் டிசிபி இணைப்பு அதை நிரப்பும் வரை நிற்காது, ஏனெனில் பாக்கெட் இழப்பு நேரும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது டிசிபியின் வழக்கமான இயல்பு. நிரம்பிய 80 லட்சம் பிட்டுகள் 20 எம்பிபிஎஸ் வேகத்தில் வடிய 400 மில்லிநொடி ஆகும். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியூ-டியின் ஜி.114 பரிந்துரை. தங்கள் குரல் பாக்கெட், 46 என்ற குறியைச் சுமந்தபடியே, பேக்கப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் 400 மில்லிநொடி நிற்கிறது. காத்திருப்பு ஒரே அளவில் நின்றாலாவது கேட்பவரின் தொலைபேசி அதற்கேற்பத் தன் ஜிட்டர் பஃபரை (தாமத வேறுபாட்டைச் சமன்செய்யும் காத்திருப்பிடத்தை) சரிசெய்துகொள்ளும். ஆனால் டிசிபியின் ஏற்ற இறக்கத்தோடு அந்த 400 என்பது 50 ஆகி மீண்டும் 400 ஆகும்போது, தாமதமாக வரும் குரல் பாக்கெட்டுகள் பயனற்றவையாக எறியப்படுகின்றன. நீங்கள் கேட்கும் விழுந்த அசைகள் அவைதாம்.

செய்ய வேண்டியது இது. ரவுட்டரின் வெளிப்போர்ட்டில் முதலில் ஒரு ஷேப்பர் வைத்து மொத்த வேகத்தை 18 அல்லது 19 எம்பிபிஎஸ்ஸாகக் கட்டுப்படுத்துங்கள். இப்போதுள்ள வரிசைகளை அந்த ஷேப்பருக்குள் வையுங்கள். நெரிசலை மோடத்திலிருந்து தங்கள் கைக்குள் இழுத்துக்கொள்வதுதான் இதன் நோக்கம். வேகத்தில் நூற்றுக்கு ஐந்து அல்லது பத்து பங்கை விட்டுக்கொடுத்து, யார் காத்திருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை வாங்குகிறீர்கள். ஐபிசெக் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஏறத்தாழ ஐம்பது அறுபது பைட் கூட்டுவதால், தங்கள் ரவுட்டரின் ஷேப்பர் அந்தக் கூடுதலைக் கணக்கில் எடுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 3 | தடம்நோக்கி

மேலே சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். கேப்சர் பார்த்ததாகச் சொன்னீர்கள்; அங்கே பலர் இடறும் ஓர் இடத்தையும் குறித்து வைக்கிறேன்.

ஐபி தலைப்பகுதியில் இதற்கென உள்ள இடம் 8 பிட் அகலம். 1981-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 791 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) இதைச் சேவை வகை என்று அழைத்து, முதல் 3 பிட்டை முதன்மை நிலைக்கும், அடுத்த 3 பிட்டைத் தாமதம், கடத்துதிறன், நம்பகம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கியது. 1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2474 அந்த இடத்தை மறுவரையறை செய்தது. முதல் 6 பிட் டிஎஸ்சிபி ஆயிற்று. 2001-இல் மீதி 2 பிட், பாக்கெட்டைக் கைவிடாமலே நெரிசலைத் தெரிவிக்கும் இசிஎன் குறிக்குச் சென்றது. ஆகவே டிஎஸ்சிபி 46 என்பது இரும எண்ணில் 101110; ஆனால் 8 பிட்டையும் சேர்த்து வாசிக்கும் கருவியில் அதே பாக்கெட் 184 என்று தெரியும். ஒரு கருவியில் 46 என்று எழுத வேண்டியதை இன்னொன்றில் 184 என்று எழுத வேண்டியிருக்கும். இடம் மாறி எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது. குறி மட்டும் வேறொன்றாகிவிடும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். டிஎஸ்சிபி என்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. 46 என்ற எண்ணுக்குள் வேகம் எதுவும் பொதிந்திருக்கவில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் அந்த எண்ணைத் தனக்குள் எந்த வரிசையோடு இணைத்திருக்கிறதோ அதுவே அந்த எண்ணின் பொருள். மோடத்துக்கு அது தெரியாத மொழி.

பதிவு 4 | அகலவழி

நான் மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். இருபது எம்பிபிஎஸ்ஸை நூறாக்கினால் இத்தனை வரிசைகளும் ஷேப்பர்களும் தேவைப்படாது. கியூஓஎஸ் அமைப்பை எழுதுவது ஒருநாள் வேலை. அதைப் பல ஆண்டுகள் பிழையின்றிப் பராமரிப்பது நிரந்தரச் சுமை. எழுதியவர் வேலை மாறிய பின் அடுத்து வருபவர் அதைத் தொட அஞ்சுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெரிய முதுகெலும்பு நெட்வொர்க்குகளில் இணைப்பைப் பாதியளவே நிரம்பும்படி வைத்திருந்து, தேவை கூடும்போது அகலத்தைக் கூட்டுவதே எளிய, நேர்மையான வழியாக இருந்துவருகிறது. 1994-இல் ஆர்எஃப்சி 1633 முன்வைத்த ஒருங்கிணைந்த சேவை முறை என்னவாயிற்று? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (இரு முனைகளுக்கு இடையிலான ஒரே இணைப்பின் பாக்கெட் தொடர்) வழிநெடுக ஆர்எஸ்விபி மூலம் இடம் பதிவு செய்யும் அந்த முறை, ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு ஓட்டத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற சுமையால் பொது இணையத்தில் வேரூன்றவே இல்லை.

பதிவு 5 | தடம்நோக்கி

முதுகெலும்பு பற்றித் தாங்கள் சொல்வது சரி. பல்லாயிரம் ஓட்டங்கள் ஒன்றாகக் கலக்கும் இணைப்பில் ஒன்றின் ஏற்றமும் மற்றொன்றின் இறக்கமும் ஈடுகட்டிக்கொள்வதால் மொத்தம் ஓரளவு சீராக இருக்கும். ஆர்எஸ்விபியின் சுமையைக் கண்டதால்தான் 1998-இல் ஆர்எஃப்சி 2475 வேறுவழி எடுத்தது: ஓட்டங்களைத் தனித்தனியாக அடையாளம் காணும் கடினமான வேலையை நெட்வொர்க்கின் விளிம்பில் ஒரே ஒருமுறை செய்து, குறி இட்டு அனுப்பினால், நடுவில் உள்ள ரவுட்டர்கள் 6 பிட்டைப் பார்த்துச் சில வகுப்புகளில் ஒன்றில் போட்டால் போதும்.

ஆனால் கிளை அலுவலக இணைப்பில் அந்தக் கலப்பு நிகழ்வதில்லை. அங்கே ஒரே ஒரு பேக்கப், ஒரே டிசிபி இணைப்பு, 20 கொடுத்தால் 20-ஐயும், 100 கொடுத்தால் 100-ஐயும் நிரப்பும். அகலம் கூடினால் பேக்கப் விரைவில் முடியும், உடையும் நேரம் குறையும். அது ஓடும் வரை பஃபர் நிரம்புவது நிற்காது. ஆகவே அகலம் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. இணைப்பின் முனையில் வரிசையைத் தன் கையில் வைத்திருக்க வேண்டிய தேவையை அது நீக்காது என்பதே என் கருத்து.

பதிவு 6 | கிளைவலை

ஷேப்பரை 18 எம்பிபிஎஸ் என அமைத்தேன். அமைத்த மறுகணமே கவுண்டர்கள் உயிர்பெற்றன: பேக்கப் வரிசையில் ஆழம் ஏறுகிறது, பாக்கெட்டுகள் கைவிடப்படுகின்றன, குரல் வரிசை வெறுமையாக இருக்கிறது. இரண்டு கிளைகளிலும் இதைச் செய்ததும் பேக்கப்பின்போது பேச்சு உடைவது நின்றுவிட்டது. வரிசைக்கணக்கு அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆனால் இரண்டு குறைகள் எஞ்சியுள்ளன. ஒன்று, ஊழியர்கள் இணையத்திலிருந்து பெரிய கோப்புகளைப் பதிவிறக்கும்போது எதிர்முனையின் குரல் எங்களுக்கு உடைந்து கேட்கிறது. எங்கள் குரல் அவர்களுக்குத் தெளிவாகப் போகிறது. மற்றொன்று, மேசைத் தொலைபேசிகள் நன்றாக இருந்தாலும், வைஃபையில் இயங்கும் கைத்தொலைபேசிகளில் மட்டும் பேச்சு இன்னும் இடறுகிறது.

பதிவு 7 | வரிசைக்கணக்கு

முதல் குறைக்கு: உள்ளே வரும் திசையில் வரிசை உருவாவது சேவை நிறுவனத்தின் பக்கத்தில். தங்களிடம் வந்து சேரும்போது காத்திருப்பு முடிந்துவிட்டது. வந்துவிட்ட பாக்கெட்டுகளை இங்கே வரிசை மாற்றிப் பயனில்லை. முறையான தீர்வு, குறியை மதித்துத் தன் பக்கத்தில் முன்னுரிமை தரும் சேவையைச் சேவை நிறுவனத்திடம் ஒப்பந்தமாகப் பெறுவது. சாதாரண இணைய இணைப்பில் பல நிறுவனங்கள் டிஎஸ்சிபியைப் பொருட்படுத்துவதில்லை. சில அதை 0 என மாற்றியும் விடுகின்றன.

ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் சுற்றுவழி ஒன்று உண்டு. உள்ளே வரும் இணையப் போக்குவரத்தையும் தங்கள் ரவுட்டரில் ஒரு ஷேப்பர் வழியே செலுத்தி, இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 17 எம்பிபிஎஸ்ஸில், நிறுத்துங்கள். அங்கே பதிவிறக்கப் பாக்கெட்டுகள் சில கைவிடப்படும்போது, தொலைவில் உள்ள அனுப்புநரின் டிசிபி வேகத்தைக் குறைக்கும். சேவை நிறுவனத்தின் பஃபர் வடிந்துவிடும். இது மறைமுகமான கட்டுப்பாடு என்பதால் வெளியே செல்லும் திசையில் உள்ள உறுதி இதில் கிடைக்காது. நூற்றுக்கணக்கான குறுகிய இணைப்புகள் ஒரே நேரத்தில் தொடங்கினால், அவை இழப்பை உணர்ந்து அடங்குவதற்குள் அந்தப் பஃபர் ஒருமுறை நிரம்பிவிடும். ஷேப்பருக்குப் பதிலாகப் போலீசர் வைக்க வேண்டாம்: போலீசர் அளவுக்கு மீறியதைப் பஃபரில் வைக்காமல் அங்கேயே எறிவதால் ஒரே வீச்சில் பல பாக்கெட்டுகள் போய், டிசிபி தேவைக்கு மேல் தளர்ந்து, மீண்டும் ஏறி, மறுபடி தளரும் நிலை வரும்.

பதிவு 8 | அலைவாங்கி

இரண்டாவது குறையைப் பற்றி எழுதவே உள்ளே வந்தேன். தங்கள் அக்சஸ் பாயின்ட் குரலை எந்த வகையில் வைக்கிறது என்று பாருங்கள். வீடியோ வகையில் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

2005-இல் ஏற்கப்பட்ட 802.11இ தரம் வைஃபையில் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு வகைகளை உருவாக்கியது. கம்பியில்லா ஊடகத்தில் ரவுட்டரைப்போல ஒருவர் அமர்ந்து வரிசையைப் பிரிப்பதில்லை. பேச விரும்பும் ஒவ்வொரு கருவியும் காற்று அமைதியாகும் வரை பொறுத்து, அதன்பின் தற்செயலாகத் தேர்ந்த சில காலத்துண்டுகள் காத்திருந்து பேசுகிறது. வகைகளுக்கு இடையே வேறுபாடு அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் குரல் வகை 0 முதல் 3 துண்டு வரையிலான எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. மோதல் நேர்ந்தாலும் எல்லை 7-ஐத் தாண்டாது. சாதாரண வகை 15-இல் தொடங்கி 1023 வரை விரிகிறது. ஆகவே இங்கே முன்னுரிமை என்பது வெல்லும் வாய்ப்பைக் கூட்டுவது மட்டுமே. உறுதி எதுவும் இல்லை.

வைஃபை தன் வகையைத் தீர்மானிக்க 0 முதல் 7 வரையிலான 3 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. நெடுங்காலமாகப் பல கருவிகள் டிஎஸ்சிபியின் முதல் 3 பிட்டை அப்படியே எடுத்துக்கொண்டன. 46-இன் முதல் 3 பிட் 101, அதாவது 5. வைஃபையில் 4-உம் 5-உம் வீடியோ. 6-உம் 7-உம்தான் குரல். அதனால் குரலுக்கென்றே உருவான குறி வீடியோ வகையில் விழுகிறது. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 இந்த முரண்பாட்டைத் தீர்க்க 46-ஐ 6-உடன் இணைக்கச் சொல்கிறது. அக்சஸ் பாயின்ட்டில் அந்த இணைப்பு அட்டவணையை மாற்ற முடியும். ஆனால் கைத்தொலைபேசியிலிருந்து மேலே வரும் திசையில் வகையைத் தேர்வது தொலைபேசியே. அதன் அமைப்பிலும் இதைப் பார்க்க வேண்டும்.

பதிவு 9 | புதுமாணவி

வணக்கம் ஐயா. நெட்வொர்க் பாடம் படித்துவருகிறேன். தொலைபேசி தன் பாக்கெட்டில் தானே குறி இடுவதால் குரலை அடையாளம் காண்பது எளிதாக இருக்கிறது. ஆனால் மற்றவை எல்லாம் பாதுகாப்பான இணையப் போக்குவரத்துக்கான போர்ட் எண் 443-இல் குறியாக்கம் செய்யப்பட்டே வருகின்றன. வீடியோ கூட்டமும், கோப்புப் பதிவிறக்கமும், மென்பொருள் புதுப்பிப்பும் ஒரே தோற்றத்தில் இருக்கும்போது ரவுட்டர் அவற்றை எவ்வாறு வகைப்படுத்துகிறது? பயனர் தன் கணினியில் எல்லாப் பாக்கெட்டுக்கும் 46 இட்டுவிட்டால் என்ன ஆகும்?

பதிவு 10 | தடம்நோக்கி

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். நெட்வொர்க்கில் நம்பிக்கை எல்லை என்று ஒன்றை வரைய வேண்டும். அந்த எல்லைக்கு வெளியிலிருந்து வரும் குறியை ஏற்பதில்லை. விளிம்பு சுவிட்ச் அதை 0 என மாற்றி, தன் விதிப்படி மறுபடி குறி இடுகிறது. தொலைபேசி இணைந்த விஎல்ஏஎன்னில் (தனியே பிரித்த மெய்நிகர் நெட்வொர்க்கில்) வருவதை ஏற்கலாம், அதே கம்பியில் தொலைபேசிக்குப் பின்னால் இணைந்த கணினியிலிருந்து வருவதை ஏற்கக்கூடாது. எல்லை இல்லாத நெட்வொர்க்கில் குறிக்கு மதிப்பு இல்லை.

முதல் கேள்வி கடினமானது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரு போர்ட் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அடிப்படை வகைப்படுத்தல். போர்ட் எண் மட்டும் போதாமல் போனபோது பாக்கெட்டின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்க்கும் முறை வந்தது. குறியாக்கம் அதன் கண்ணை மறைத்தது. இப்போதும் டிஎல்எஸ் என்னும் குறியாக்க இணைப்பின் முதல் செய்தியில் சர்வரின் பெயர் வெளிப்படையாகப் போவதுண்டு. 2021-இல் தரமாக்கப்பட்ட குயிக் நெறிமுறையில் அந்த முதல் செய்தியும் குறியாக்கம் பெற்றாலும், அதைத் திறக்கும் சாவியை அந்தப் பாக்கெட்டிலிருந்தே கணக்கிட முடியும் என்பதால் நடுவில் உள்ள கருவி முயன்றால் பெயரைப் படித்துவிடும். அந்தப் பெயரையும் மறைக்கும் நீட்டிப்பு பரவும்போது, எஞ்சுவது பாக்கெட்டின் அளவும் இடைவெளியும் மட்டுமே: சிறிய பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் இருபுறமும் போனால் அது பேச்சாக இருக்கலாம், பெரியவை ஒரே திசையில் கொத்தாகப் போனால் பதிவிறக்கமாக இருக்கலாம். இது ஊகம், தவறும். ஆகவே என் கருத்தில், பயன்பாடு தானே குறி இட்டு, விளிம்பு அதைச் சரிபார்ப்பதுதான் நெடுநாள் நிற்கும் வழி. உளவு பார்த்து வகைப்படுத்துவதை நம்பி எழுதிய விதிகள் ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் பொய்த்துவிடும்.

பதிவு 11 | அகலவழி

என் முந்தைய கருத்தின் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். முனையில் வரிசையை நம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வரிசையில் வகைப்படுத்தல் தேவையா என்று கேட்கிறேன்.

1989-இல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் ஆகிய மூவரும் நியாயப் பங்கீட்டு வரிசை முறையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை, எல்லாவற்றுக்கும் சமமான முறை என்பதே அதன் கரு. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் முறையைத் தந்தார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பாக்கெட் உள்ளே செலவிட்ட நேரத்தைப் பார்ப்பது, அந்த நேரம் 100 மில்லிநொடி வரை தொடர்ந்து 5 மில்லிநொடிக்கு மேல் இருந்தால் கைவிடத் தொடங்குவது. இந்த இரண்டையும் இணைத்த எஃப்கியூ-கோடெல் 2018-இல் ஆர்எஃப்சி 8290 ஆக வெளிவந்தது. அது இயல்பாக 1024 வரிசைகளில் ஓட்டங்களைப் பிரித்து வைக்கிறது; தன் வரிசையை அடிக்கடி காலி செய்யும் மெல்லிய ஓட்டத்தை முதலில் அனுப்புகிறது. 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும் குரல் தானாகவே முன்னே போகும். யாரும் குறி இட வேண்டாம், யாரையும் நம்பவும் வேண்டாம். புதுமாணவி கேட்ட 443 சிக்கல் இங்கே எழுவதே இல்லை.

பதிவு 12 | வரிசைக்கணக்கு

எஃப்கியூ-கோடெல் ஓர் அரிய சாதனை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வீட்டு இணைப்புக்கு வேறெதுவும் வேண்டாம் என்றே சொல்வேன். அலுவலகத்தில் அது எங்கே தளர்கிறது என்பதைக் கணக்கோடு வைக்கிறேன்.

ஜி.711 ஓட்டம் நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பகுதிகள். மொத்தம் 80 கேபிபிஎஸ். 20 எம்பிபிஎஸ் இணைப்பை ஒரே நேரத்தில் 300 ஓட்டங்கள் நிரப்பினால், சமப்பங்கு ஒவ்வொன்றுக்கும் 67 கேபிபிஎஸ்தான். குரல் தன் பங்கை மீறிய ஓட்டமாகிவிடுகிறது. அதற்கென்று இருந்த சலுகை மறைகிறது, அதன் பாக்கெட்டுகளும் கைவிடப்படும். ஒரு பயனர் 50 இணைப்புகள் திறந்தால் 50 பங்கு பெறுகிறார் என்பதும் இதே குறையின் மறுபக்கம். மேலும் கிளைவலையின் போக்குவரத்து ஐபிசெக் டனலுக்குள் போகிறது. குறியாக்கம் முடிந்தபின் குரலும் பேக்கப்பும் ஒரே முகவரிகளுக்கு இடையிலான ஒரே ஓட்டமாகத் தெரியும். குறியாக்கத்துக்கு முன்பே ஓட்டத்தை அடையாளம் கண்டு வைக்கும் ரவுட்டராக இல்லாவிட்டால் பிரித்து வைக்க எதுவும் இல்லை. டிஎஸ்சிபி மட்டும் உள் தலைப்பகுதியிலிருந்து வெளித் தலைப்பகுதிக்கு நகலாகி, வெளியே தெரிகிறது.

ஆகவே நான் அமைப்பது இரண்டும் கலந்தது. குறி கொண்ட குரலுக்கு ஒரு முன்னுரிமை வரிசை. மற்றவை எல்லாம் எஃப்கியூ-கோடெல். பன்னிரண்டு வகுப்புகளை நான் நம்புவதில்லை. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4594 அத்தனை வகுப்புகளை விவரிக்கிறது என்பதற்காக அத்தனையையும் அமைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் எவ்வளவு எடை என்று கேட்டால் காரணம் சொல்ல முடிவதில்லை.

முன்னுரிமை வரிசைக்கு உச்சவரம்பு இட மறக்க வேண்டாம். வரம்பில்லாத முன்னுரிமை மற்ற எல்லாவற்றையும் பட்டினி போடும். வரம்பு இட்டபின், அது தாங்கும் அழைப்புகளின் எண்ணிக்கையைத் தொலைபேசி சர்வரிலும் எழுதுங்கள். 30 அழைப்புகளுக்கு இடமுள்ள வரிசையில் 31-ஆவது அழைப்பு நுழைந்தால், கைவிடப்படும் பாக்கெட்டுகள் அந்த ஒருவருடையவை மட்டும் ஆகாது. 31 பேரின் பேச்சும் சேர்ந்து கெடும். அனைவரையும் கெடுப்பதைவிட ஒருவருக்கு இணைப்பு இல்லை என்று சொல்வது நல்லது.

பதிவு 13 | கிளைவலை

வைஃபை அட்டவணையை மாற்றினேன். அலைவாங்கி ஊகித்தது சரிதான், குரல் வீடியோ வகையில்தான் இருந்தது. உள்வரும் ஷேப்பரும் பலன் தந்துள்ளது. ஆனால் புதிய குழப்பம் ஒன்று. ஷேப்பர் வைத்த நாள் முதல், அலுவலக நேரத்தில் பேக்கப் எதிர்பார்த்ததைவிட மிகவும் மெதுவாக ஓடுகிறது. 18 எம்பிபிஎஸ் முழுதும் காலியாக இருந்தும் அது அந்த அளவை எட்டுவதில்லை. இரவில், யாரும் பேசாதபோது, அதே பேக்கப் முழு வேகத்தில் போகிறது. பெறும் கிளையின் ரவுட்டரில் ஐபிசெக் ரீபிளே பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. யாரேனும் தாக்குகிறார்களா என்று கவலையாக உள்ளது.

பதிவு 14 | தடம்நோக்கி

தாக்குதல் எதுவும் இல்லை, கவலை வேண்டாம். கியூஓஎஸ் சரியாக வேலை செய்வதன் விளைவு இது. அழைப்பு இருக்கும்போது மட்டும் நேர்கிறது என்பதே அதற்குச் சான்று.

ஐபிசெக் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் குறியாக்கத்தின்போது வரிசை எண் இடுகிறது. பெறும் ரவுட்டர், இதுவரை கண்ட மிகப்பெரிய எண்ணிலிருந்து பின்னோக்கி ஒரு சாளரம் வைத்து, அதற்குள் வருவதை மட்டும் ஏற்கிறது. பழைய பாக்கெட்டைப் பிடித்து மீண்டும் அனுப்பும் தாக்குதலைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. அந்தச் சாளரம் பல கருவிகளில் 64 பாக்கெட் அகலமாக இருக்கிறது. இப்போது தங்கள் ரவுட்டரில் நடப்பதைப் பாருங்கள். பேக்கப் பாக்கெட்டுகள் எண் பெற்று, ஷேப்பருக்குள் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பின் எண் பெற்ற குரல் பாக்கெட் ஒன்று முன்னுரிமை வரிசை வழியே அவற்றைத் தாண்டிச் சென்று, மறுமுனையில் சாளரத்தை முன்னே நகர்த்திவிடுகிறது. காத்திருந்த பேக்கப் பாக்கெட் 64 எண்ணுக்கும் மேல் பின்தங்கியிருந்தால், அது பழையது என்று எறியப்படுகிறது. 18 எம்பிபிஎஸ் வேகத்தில் 64 முழு அளவுப் பாக்கெட்டுகள் வடிய ஏறத்தாழ 43 மில்லிநொடி. தங்கள் பேக்கப் வரிசை அதற்கு மேல் நீண்டால் ஒவ்வொரு குரல் பாக்கெட்டும் சிலவற்றைக் காவு வாங்கும். டிசிபி அதை நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைக்கிறது.

மூன்று வழிகள் உண்டு. சாளரத்தை 512 அல்லது 1024 ஆக அகலப்படுத்துவது எளியது. பேக்கப் வரிசையில் கோடெல் வைத்து நீளத்தைக் குறைப்பது இரண்டாவது. வகுப்புக்கு ஒரு பாதுகாப்பு இணைப்பு வைத்து எண்வரிசைகளைப் பிரிப்பது மூன்றாவது. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4301 இந்தச் சிக்கலை எடுத்துச் சொல்லி இவ்வழியைக் காட்டுகிறது. முதலிரண்டும் தங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். ரீபிளே தடுப்பையே நிறுத்திவிடும்படி யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம்.

பதிவு 15 | கிளைவலை

சாளரத்தை 1024 ஆக்கினேன். பிழைக் கவுண்டர் அசையாமல் நிற்கிறது, பகலிலும் பேக்கப் தன் வேகத்தை எட்டிவிட்டது. இப்போதுள்ள அமைப்பை இங்கே பதிந்து வைக்கிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவலாம். வெளியே 18, உள்ளே 17 எம்பிபிஎஸ் ஷேப்பர், அதற்குள் 46 குறி கொண்ட குரலுக்கு 4 எம்பிபிஎஸ் வரம்புடன் முன்னுரிமை வரிசை, தொலைபேசி சர்வரில் 30 அழைப்பு வரம்பு, மற்றவை எஃப்கியூ-கோடெல். பேக்கப் மட்டும் தனியாக, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கட்டும் என்று அதற்கு டிஎஸ்சிபி 8 இட எண்ணியிருக்கிறேன். பழைய ஆவணம் ஒன்றில் அதுவே கீழ்நிலைக் குறி என்று பார்த்தேன்.

பதிவு 16 | தடம்நோக்கி

ஒரு திருத்தம் மட்டும். 8-க்குப் பதிலாக 1 இடுங்கள். 8-இன் முதல் 3 பிட் 001; முதல் 3 பிட்டை மட்டும் பார்க்கும் பழைய கருவி வழியில் இருந்தால், அது பேக்கப்பை 000 கொண்ட சாதாரணப் போக்குவரத்தைவிட ஒரு படி மேலானதாக எடுத்துக்கொள்ளக்கூடும். இந்தத் தலைகீழ் நிலையைத் தவிர்க்கத்தான் 2019-இல் ஆர்எஃப்சி 8622 கீழ்நிலைப் போக்குவரத்துக்கு 000001 என்ற குறியைத் தேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ளாத கருவியும் அதைச் சாதாரணமாகவே நடத்தும். வைஃபையில் மட்டும் அட்டவணையைப் பார்த்து, 1 என்ற குறியைப் பின்னணி வகையோடு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே அது சாதாரண வகையில் போய்ச் சேரும்.